முன்வாங்கிய தளபதி

ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டில் ஐரோப்பாவில் தோற்றுப்போன ஒரு தளபதிக்கு, இருநூற்று முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வெற்றி தேடித் தந்த பெருமை, ராணுவம் ஆண்ட பர்மாவின் யாங்கூன் நகரையே சேரும். பீரங்கி தேவைப்படவில்லை, குதிரை தேவைப்படவில்லை. ஒரு சிவப்புப் பேனா போதுமானதாக இருந்தது.

நகரின் தின்கன்ஜூன் பகுதித் தமிழ் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதியவள் ஃபஹீமா. மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே வளர்ந்தவள். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, பனியில் சிக்கிய குதிரைகளுக்காக அழுதிருக்கிறாள். அவளுடைய தளபதி க்ரூபெல், போர் தொடங்குமுன்பே தன் மதியச் சாப்பாட்டை எதிரியின் கூடாரத்தில் பரிமாறும்படி சமையல்காரனை அனுப்பிவைக்கிறவர். சாப்பாடு போய்ச் சேர்ந்தது. தளபதி போய்ச் சேரவில்லை. பீரங்கிகள் சேற்றில் புதைய, ஒற்றைக்கால் பூட்ஸோடு ஓடினார்.

நாடகம் சனிக்கிழமை. அனுமதி முத்திரை இல்லாவிட்டால் மண்டபக் கதவு திறக்காது. தளபதி வேடத்துக்காக அவள் தம்பி ஆமிர் இரண்டு மாதமாக மீசை வேறு வளர்த்திருந்தான்.

அனுமதி அலுவலகத்தில் தமிழ்ப் பிரதிகளை வாசித்துச் சொல்வது குமாஸ்தா சபாபதியின் பொறுப்பு. உள்ளறையில் எல்லோரும் 'ஸயாஜி' என்று மரியாதையோடு அழைக்கும் அதிகாரி, கேட்கக் கேட்கச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வருவார். செவ்வாய்க்கிழமை சபாபதி வெளியே வந்தார்.

"தங்கச்சி, தளபதி தோக்கிறாராமே."

"அவரு வெள்ளைக்காரருண்ணே. செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"செத்தாலும் தளபதிதானே."

பொது அமைதியை முன்னிட்டு 'பின்வாங்கினார்' என்ற சொல் நீக்கப்பட்டு, 'முன்வாங்கினார்' என்று 'திருத்தப்பட்டது'. பூட்ஸும் உரியவரிடம் திருப்பித் தரப்பட்டது.

புதன்கிழமை புதிய சிக்கல். க்ரூபெல் வென்றால் எதிர்ப்படைத் தலைவர் தோற்கிறார், அவரும் தளபதியே. ஃபஹீமா வேறு வழியில்லாமல் இருவரையும் வெல்லவைத்தாள். ஒருவர் மார்பில் ஒருவர் பதக்கம் குத்திக்கொண்டார்கள். ஆறிப்போன சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சபாபதி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சண்டைன்னா யாராச்சும் தோக்கணும், நம்புற மாதிரி எழுதச் சொல்றாரு ஸயாஜி."

ஃபஹீமா வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மீசையோடு காத்திருக்கும் ஆமிரை நினைத்தாள். நாடகத்தில் இன்னும் வெற்றி பெறாதவர்கள் யாரென்று தேடினாள். கடைசிக் காட்சியில், மிதிபட்ட முள்ளங்கி வயலோரம் வசனமே இல்லாமல் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். கோபம் வந்தது. நாடகமே போனாலும் போகட்டும் என்று எழுதினாள்: 'இரண்டு தளபதிகளும் வென்றார்கள். ஊர் மக்கள் தோற்றார்கள்.'

சபாபதி தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பினார். தாளில் முத்திரை இருந்தது. சிவப்பு மை ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அடிக்கலையாண்ணே?"

"இல்ல தங்கச்சி. ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. 'இதுல தப்பு ஒண்ணுமில்ல, எப்பவும் நடக்கிறதுதானே'ன்னு குத்திட்டாரு."