நாற்பது நிமிடப் பொருத்தம்

இப்போதெல்லாம் எவனுக்கும் உட்காரத் தெரியவில்லை என்பது கண்ணுச்சாமியின் கட்சி. மாப்பிள்ளை தேடி மூன்று வருடம் ஊர் ஊராக அலைகிறவன், பொருத்தம் பார்க்க மூன்று நிமிடம் பொறுக்க மாட்டேன் என்கிறான். காலை ஆட்டுகிறான், கடிகாரத்தைப் பார்க்கிறான், செல்போனைத் தேய்க்கிறான். இதை அவர் மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தகப்பன் முகத்துக்கு நேரேதான் சொன்னார்.

"மூணு நிமிசமா? வந்து முக்கா மணி நேரமாச்சு அண்ணாச்சி."

"வாழப் போறது அம்பது வருசம். முக்கா மணி நேரத்துக்கு முனங்குதீரு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கடை. 'கம்ப்யூட்டர் ஜாதகப் பொருத்தம்' என்று பலகை. கண்ணுச்சாமிக்கு எழுபத்து மூன்று வயது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மகன் பட்டாளத்தில் வடக்கே இருக்கிறான். கம்ப்யூட்டரில் உட்காருவது மருமகள் சத்யப்பிரியா. கண்ணுச்சாமியின் வேலை கடையைத் திறப்பது, வந்தவர்களை அதட்டுவது, சாயங்காலம் மவுஸைக் கழற்றிச் சோத்துப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவது. மவுஸ் இல்லாத கம்ப்யூட்டரை எவன் திருடுவான் என்பது அவர் யோசனை.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் தானாக வந்து சேர்ந்திருந்தது. பெண்வீட்டு ஜோசியர் சொன்னதை மாப்பிள்ளை வீட்டார் நம்ப மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் சொன்னதைப் பெண்வீட்டார் நம்ப மாட்டார்கள். மிஷினுக்குச் சொந்தபந்தம் கிடையாது. அதனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே வருவார்கள். தாள் வெளியே வருகிறவரை ஒருத்தரும் எழுந்து டீ குடிக்கக்கூடப் போக மாட்டார்கள். தான் போன நேரத்தில் அடுத்தவன் சத்யப்பிரியாவிடம் கண்ணைக் காட்டி ஒரு பொருத்தத்தைக் கூட்டிவிட்டால் என்ன செய்வது?

கடைக்கு நல்ல பெயர். கண்ணுச்சாமி கடையில் பார்த்தால் கூடிவரும் என்று ராஜபாளையம் வரைக்கும் பேச்சு. மிஷின் ராசி என்று அவரும் நம்பினார். அவர் நம்பிய ஒரே சங்கதி அதுதான்.

மிஷினுக்கு வயது பன்னிரண்டு. வாங்கின புதிதில் பத்து நிமிடத்தில் தாள் தரும். இப்போது நாற்பது நிமிடம். திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு வந்தவர்கள் போன பிறகு சத்யப்பிரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மாமா, வைகாசி முகூர்த்தத்துக்கு இப்பமே ஆளுக வர ஆரம்பிச்சுட்டாக. இதைச் சரி பண்ணுங்க. இல்லைன்னா நான் மில்லு வேலைக்குப் போயிருதேன். வாரவுக பேச்சை வாங்கி எனக்கு மாளல."

கண்ணுச்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் மில்லுக்குப் போனால் கடையைப் பூட்ட வேண்டும். கடையைப் பூட்டினால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. சுவரை அதட்ட முடியாது.

பக்கத்தில் பஞ்சர்க்கடை வைத்திருக்கும் தங்கப்பாண்டியன் எட்டிப் பார்த்தான்.

"தூசி அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல. பெட்டியைக் கொண்டாங்க, காத்தடிச்சு விடுதேன்."

"ஒனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாலே?"

"காத்து தெரியும்."

அது கண்ணுச்சாமிக்கு நியாயமாகப் பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். தங்கப்பாண்டியன் லாரி டயருக்கு அடிக்கிற வேகத்தில் குழாயை உள்ளே விட்டான். பன்னிரண்டு ஆயுத பூஜைக்குப் படைத்த பொரி முதலில் வந்தது. பிறகு கடலை. பிறகு வெள்ளிக்கிழமை தோறும் பூசிய விபூதி புகை மாதிரி கிளம்பிப் பஞ்சர்க்கடையை மறைத்தது. காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கடைசியில் டக்கென்று ஒரு சத்தம்.

"அது என்னலே?"

"சந்தனந்தான் அண்ணாச்சி. கெட்டி."

சந்தனம் இல்லை. உள்ளே இருந்த சின்ன ஃபேனின் இறக்கை. பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிப் போட்டதும் அது மாவு மில் மாதிரி இரைந்தது. அரை மணி நேரம் ஓடிச் சூடேறித் தானாக அணைந்தது. ஆறவிட்டுத் திரும்பப் போட்டால், விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. நாற்பது நிமிடம் இப்போது ஒன்றரை மணி நேரமானது.

"சூடு தாங்கல. பக்கத்து மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைங்க" என்றான் தங்கப்பாண்டியன். முதல் யோசனை பொய்த்துப்போனதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வைத்தார். மறுநாள் கிருஷ்ணன்கோவிலில் இருந்து முத்துவீரன் தன் மகனுக்குப் பார்க்க வந்தார். ராஜபாளையத்துப் பெண்ணின் தகப்பன் குருசாமியும் மனைவியோடு வந்திருந்தார். குருசாமி மஞ்சள் பையில் வீட்டு ஜாதகம் அத்தனையையும் கட்டிக்கொண்டு வந்து மேசையில் கொட்டி வைத்திருந்தார். டேபிள் ஃபேனைப் போட்டதும் ஜாதக நோட்டெல்லாம் கடை முழுக்கப் பறந்தது. எல்லாரும் குனிந்து பொறுக்கினார்கள். மிஷின் போட்ட இரைச்சலில் யார் எதைக் கொடுத்தார்கள் என்று தெரியாமல், கைக்கு வந்த நோட்டைப் பார்த்துச் சத்யப்பிரியா தட்டினாள்.

டேபிள் ஃபேன் ஓடியும் அதே ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தாள் வந்தது.

"பத்துக்கு ஒம்பது" என்றாள்.

முத்துவீரன் எழுந்து குருசாமியின் கையைப் பிடித்தார். குருசாமியின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குருசாமி தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு மறுபடியும் படித்தார்.

"பொண்ணு பேரு வல்லரசுன்னு போட்டிருக்கே தாயி."

"ஒங்க நோட்டுல அப்படித்தான இருக்கு."

"வல்லரசு எம் மகன்."

முத்துவீரன் தாளை எட்டிப் பார்த்தார்.

"அப்ப ஒம்பது பொருத்தம்" என்று இழுத்தார் முத்துவீரன்.

"எம் மகனுக்கும் உம்ம மகனுக்கும்."

முதலில் குருசாமியின் மனைவிதான் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முத்துவீரன் பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

"மிஷினு பொய் சொல்லாது. நீங்க குடுத்த நோட்டு தப்பு" என்றார்.

திரும்பப் போட்டார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம். இந்தத் தடவை பெண்ணின் ஜாதகம்தான். வந்தது ஐந்து. ஐந்துக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, ஒரே ஆட்டோவில் ஏறிப் பஸ் நிலையத்துக்குப் போனார்கள்.

"பாத்தியா? அஞ்சுக்கே முடிஞ்சிருக்கு. மிஷின் ராசி."

"ராசியை வச்சிக்கிடுங்க மாமா. நாளைக்கு யாரை யாருக்குக் கட்டி வைக்கப் போறோமோ, எனக்குப் பயமா இருக்கு. ஒழுங்கா ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்க."

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கௌதம்ராஜ் வந்தான். பெட்டியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"என்ன தாத்தா, கோயில் மாதிரி மணக்குது."

"நீ வேலையைப் பாரு."

பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, அவன் கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் கண்ணுச்சாமி எண்ணினார். கௌதம்ராஜ் ஃபேனை மாற்றினான். பிறகு உள்ளிருந்து ஒரு கனத்த டப்பியை எடுத்துவிட்டு, தீப்பெட்டி கனம்கூட இல்லாத ஒன்றை வைத்தான்.

"இது பழைய டிஸ்க் தாத்தா. உள்ள தட்டு சுத்திச் சுத்திப் படிக்கும். அதான் லேட்டு. புதுசு சுத்தாது."

"சுத்தாமப் பொறவு எப்படிலே படிக்கும்?"

"அது அப்படித்தான். உள்ள இருந்ததை அப்படியே மாத்தி வச்சிருக்கேன். ஒரு எழுத்துக் கொறையாது."

கண்ணுச்சாமி பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். கனமானதை எடுத்துவிட்டு லேசானதை வைத்தவனை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

சத்யப்பிரியா ஒரு ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தாள். வட்டம் சுற்றவே இல்லை. ஒரே நிமிடத்தில் தாள் வந்து விழுந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து கண்ணுச்சாமி பார்த்து நாளாகியிருந்தது.

அடுத்த நாள் இரண்டு வீட்டார் வந்தார்கள். உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் தாள் வந்துவிட்டது.

"ஏழு" என்றாள் சத்யப்பிரியா.

"அதுக்குள்ளயா?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். "நல்லாப் பாத்துச்சா தாயி?"

"பாத்துச்சு."

"இன்னொருக்கா ஓட விடேன்."

இன்னொரு நிமிடம். அதே ஏழு. இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். சம்பந்தம் முடியவில்லை என்று மூன்றாம் நாள் சேதி வந்தது. அடுத்து வந்தவர்களுக்கு எட்டு. அதுவும் முடியவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒன்பது வந்தும், மாப்பிள்ளையின் தாயார் "அவிய எப்படியாப்பட்ட ஆளுகளோ" என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு வாரத்தில் ஒன்பது சம்பந்தம் பார்த்து ஒன்றுகூடக் கூடவில்லை.

கண்ணுச்சாமி கடை மிஷினில் ராசி போய்விட்டது என்று பஸ் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. தங்கப்பாண்டியன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"மில்லுல சொல்லி வச்சிட்டேன் மாமா" என்றாள் சத்யப்பிரியா மெதுவாக. "திங்கக்கிழமை வேன் வரும்."

கண்ணுச்சாமி போனை எடுத்துக் கௌதம்ராஜை வரச் சொன்னார். அவன் வந்து காலை உள்ளே வைத்ததும் மடக்கிக் கேட்டார்.

"ஏலே, உண்மையைச் சொல்லு. உள்ள இருந்து என்னத்தைக் கழட்டுன?"

"டிஸ்கு, ஃபேனு. நீங்கதான் பக்கத்துல இருந்து திருகெல்லாம் எண்ணுனீங்களே தாத்தா."

"அப்ப ஏன் ஒண்ணும் கூட மாட்டேங்குது?"

கௌதம்ராஜ் போன வருடத்துத் தாள்களில் நாலைந்தை எடுத்து, அதே ஜாதகங்களைத் திரும்பப் போட்டான். புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் வைத்தான். சத்யப்பிரியா படித்துக்காட்டினாள். அங்கே ஏழு என்றால் இங்கேயும் ஏழு. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"மிஷின் சரியாத்தான் சொல்லுது. கல்யாணம் ஏன் கூடலைன்னு எனக்குத் தெரியாது தாத்தா. எனக்கே இன்னும் பொண்ணு அமையல."

அந்த நேரம் வாசலில் வந்து நின்றாள் சுந்தரபாண்டியம் கிராமத்து வெள்ளத்தாய். போன வருடம் மூத்த மகளுக்கு இந்தக் கடையில் பார்த்துத்தான் முடித்தாள்.

"என்னண்ணே, மிஷினை மாத்திட்டீகளாமே. சின்னவளுக்கு ஒரு எடம் வந்திருக்கு. நாளைக்கு அவியளையும் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். ஒரு நிமிசத்துல தாளைக் குடுத்து அனுப்பிருதீகன்னு சொல்லுதாக. அப்படின்னா நான் வேற கடை பாக்கணும்."

"தாயி, அதே தாள். எழுத்து மாறல. இந்தா, ஒம் மூத்தவ தாளே இருக்கு, வச்சுப் பாரு."

வெள்ளத்தாய் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாளை யாருண்ணே பாத்தா? எங்க வீட்டுல இன்னும் மடிச்ச மடிப்புப் பிரிக்காமக் கெடக்கு. மாப்பிள்ளைக்கு ஆத்தாகாரி கூட நாப்பது நிமிசம் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தேன்ல, அப்பப் பாத்ததுதான் பொருத்தம்."

சத்யப்பிரியா அவளையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மிஷினை நிறுத்தினாள். "நாளைக்கு அவியளையும் கூட்டிட்டு வாங்க, பழையபடி நாப்பது நிமிசம் ஆகும்" என்றாள்.

கண்ணுச்சாமி துண்டில் முடிந்த பழைய டிஸ்கை எடுத்துக் கௌதம்ராஜின் கையில் திணித்து, "வெள்ளத்தா கெடக்கா, நாளைக்குக் காலையில இதை மாட்டிட்டு மறுவேலை பாரு" என்று சொல்லிவிட்டு, ராசி சுற்றுகிற தட்டில்தான் இருக்கிறது, பெஞ்சில் என்ன இருக்கிறது என்று முனகிக்கொண்டே, மிஷினுக்கு ராசி திரும்பிவிட்டதைச் சொல்லப் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்.