மீனுக்குப் போட்ட ஃபேன்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் தலைகுனிந்து எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மீன்களும் சௌக்கியம். உங்கள் அம்மாவின் சௌக்கியத்தை உங்கள் அக்கா வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். நேற்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். காரணம் நான். போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீங்களும் என் மகளும் ஊருக்குப் போன மறுநாளே அனல் காற்று ஆரம்பித்துவிட்டது. எனக்கே நாக்கு வறளுதே, இந்த வாயில்லா ஜீவன்கள் என்ன பாடுபடும் என்று மனசு கேட்காமல் ஜன்னலைத் திறந்து, தொட்டி மூடியை எடுத்து, மேஜை ஃபேனைத் தண்ணீர்மேல் திருப்பி வைத்தேன், உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "மீனுக்கு எதுக்கு சம்பந்தி காத்து? அதுக்கென்ன வேர்க்கவா போகுது?" என்று சிரித்தார், எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து தண்ணீர் குறைய ஆரம்பித்தது. பேனாவால் கோடு போட்டு வைத்தேன், விடிந்து பார்த்தால் கோடு மேலே, தண்ணீர் கீழே. வீட்டில் இருப்பதே இரண்டு பேர், நான் எடுக்கலை, அப்போ யாரு? நேற்று சமையலறையிலிருந்து வந்தவரை மறித்து, "தொட்டித் தண்ணியைத் திருடினீங்களா?" என்று கேட்டேவிட்டேன். வாய்தவறிக் கேட்கவில்லை மாப்பிள்ளை, இரண்டு நாள் யோசித்துக் கேட்டேன். அவர் நேரே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தார்.

அவர் போனபிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. வானிலை அலுவலகத்தில் என் வேலையே முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு வற்றியது என்று அளப்பதுதானே! "தண்ணியை ஒட்டி நிக்கிற ஈரத்தைக் காத்து தள்ளிட்டுப் போயிடும், காய்ஞ்ச காத்து வந்து மறுபடி உறிஞ்சும், புழுக்கமான நாள்ல இவ்வளவு குறையாது" என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். இந்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? ஃபேனை நிறுத்தி, புதுக் கோடு போட்டு, மூடியைப் போட்டேன். இன்று காலை தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது. அதைப் பார்க்கவே கூசுகிறது.

என் மகளும் உங்கள் அம்மாவும் இப்போதுதான் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிற அளவுக்கு வந்திருக்கிறார்கள். அவள் வந்து, "அத்தை எங்கேப்பா?" என்றால் என்ன சொல்வேன்? தண்ணீரை எடுத்தது காற்றுதான், அவர் இல்லை என்று அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்லிக் கூட்டி வர வேண்டும்.

ஆசி சொல்ல யோக்கியதை இல்லாவிட்டாலும், நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,
மாமனார்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் அம்மாவே வந்தார், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாராம். மேலே எழுதியதையெல்லாம் கைகட்டி நின்று ஒப்பித்தேன். "நீங்க ஒரு சொட்டுகூடத் தொடலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏன் தொடலை? தினமும் ஒரு சொம்பு எடுத்து பால்கனிச் செடிக்கு ஊத்தினேனே. எடுத்தீங்களான்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். திருடினீங்களான்னு கேட்டா எந்த வாயால சொல்றது?" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆகையால் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு நானே பின்னால் போகிறேன்.