மாநாட்டுக்கு என் லாட்ஜ் நிரம்பிய விதம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள், தங்கை, குழந்தைகள் எல்லோரும் நலம் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நலம் என்று எழுத மனசு வரவில்லை.

போன மாதம் நீங்கள் கூட்டி வந்த கிடங்குக்காரர் என் லாட்ஜை நல்ல விலைக்குக் கேட்டபோது, "மூணு நாட்டுத் தலைவருங்க நம்ம ஊருக்கு வந்து பேசப் போறாங்க, இப்பப் போய் யாராவது லாட்ஜை விப்பாங்களா?" என்று காபியைக் கொடுத்து அனுப்பியவன் நான்தான். என் மனைவி அன்றைக்கே, "வித்துடுங்க, மூணு மாடி ஏறி இறங்கி என் முழங்கால் போயிடுச்சு" என்றாள். நான் கேட்கவில்லை. சுவருக்கு வண்ணம் அடித்தேன், புது மெத்தை வாங்கினேன், பதினோரு வருடமாக மாதம் நான்கு நாள் தங்கும் மருந்துக் கம்பெனி ஆட்களை இந்த ஒரு தடவை வேறு இடம் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டார்கள். அங்கே குழாயில் வெந்நீர் வருகிறதாம், இனி இங்கே வர மாட்டார்களாம்.

நம் தெரு பாதுகாப்பு வட்டத்துக்குள் வந்துவிட்டது. ஓர் அதிகாரி படிவத்தோடு வந்து, மாநாடு நடக்கும் மூன்று நாளும் எந்த அறையில் யார் இருப்பார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். பதினெட்டு அறையில் ஒன்றுக்குக்கூட அதுவரை ஆள் இல்லை. எதிர் லாட்ஜ்காரன் வேறு அதிகாரிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் முன்னால் பதினெட்டு தடவை 'காலி' என்று எழுத யாருக்கு மனசு வரும், சொல்லுங்கள். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பதினெட்டுப் பேரை எழுதி, அடியில் 'இடமில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கையெழுத்திட்டேன். அவன் முகம் தொங்கிப்போனதை அரை நாள் ரசித்தேன்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் கேமராவும் பெட்டியுமாகத் தெருமுனைக்கு வந்தார்கள். அங்கே தடுப்புப் போட்டு நின்ற காவலர் என் படிவத்தைப் பார்த்து, "அது நிறைஞ்சு போச்சுங்க, எதிர்ல போய்க் கேளுங்க" என்று ஒவ்வொருவரையும் திருப்பிவிட்டார். நான் மாடியில் நின்று கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவர்களும் மரியாதையாக ஆட்டிவிட்டு எதிர் லாட்ஜுக்குள் போனார்கள். லாட்ஜுக்குக் கீழே இருக்கும் என் ஓட்டலிலும் அதே கதிதான். அலுவலகங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டதால் மதியச் சாப்பாட்டுக்கு வரும் வாடிக்கைகூட இல்லை. இருநூறு பேருக்குச் சமைத்ததை நாங்கள் ஆறு பேரும் சூடாக்கிச் சூடாக்கித் தின்றோம்.

மாநாட்டின் இரண்டாம் நாள் அதே அதிகாரி தலை எண்ண வந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையல்காரர், சலவைக்காரர், பரிமாறுகிறவர்கள் இருவர், என் மனைவி என்று கைக்கு அகப்பட்டவர்களையெல்லாம் அறைக்கு ஒருவராக உட்கார வைத்தேன். அதிகாரி முதல் மாடியைப் பார்த்து முடித்ததும் அதே ஆட்கள் பின்படி வழியாக இரண்டாம் மாடிக்கு ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சமையல்காரரைப் பார்த்து அதிகாரி, "உங்களைக் கீழ பார்த்தேனே?" என்றார்.

"அது என் தம்பி சார்."

"அவர் சட்டையிலயும் இதே இடத்துலதான் குழம்புக் கறை இருந்துது" என்று சொல்லிவிட்டு அதிகாரி பின்படிப் பக்கம் போனார். அங்கே என் மனைவி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "உங்களுக்கு எந்த ரூம்மா?" என்று கேட்டார்.

"பதினெட்டும் என்னுதுதான் சார். எல்லாத்துக்கும் விரிப்பு மாத்தறவ நான்தான்" என்றாள்.

மாநாடு முடியும்வரை வாசலைப் பூட்டிவிட்டார்கள்.

அவள் முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை. கிடங்குக்காரரிடம் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நேற்றுத்தான் அவள் பகலில் படுத்துத் தூங்கிப் பார்த்தேன்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, ஓட்டல் வைக்காமல், நூறு வயது வாழ ஆசிகள்.

உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டப் போகும்போது வானொலியில் சொன்னார்கள், தலைவர்கள் ஒத்துப்போகவில்லையாம். நான்கு மாதம் கழித்து மறுபடி இதே ஊரில் கூடிப் பேசுவார்களாம். இந்த முறை ஏழு நாடுகள். கிடங்குக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படிவத்தில் இனி எல்லா அறையும் காலி என்று உள்ளபடியே எழுதப்போவதாக மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "எழுதறதுதான் எழுதறீங்க, நம்ம ரூமையும் சேர்த்து எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள். நாளைப் பகல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு அங்கே வருகிறாள். உங்கள் வீட்டில் கீழேயே ஓர் அறை ஒழித்துக் கொடுங்கள். அவளால் படி ஏற முடியாது.