காப்பிக் கறையும் ஹெய்னியின் சோப்பும்

ஹவுகிலம்பி,
ஜூன் 28

அன்பில் குறையாத என் தங்கை ஹில்யாவுக்கு, அக்கா லெம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தான் ஒன்னி, பேத்தி ஹெய்னி, பூனை எல்லோரும் நலம். கொசுக்களும் நல்ல நலம். அங்கே ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் நீயும் உன் இடது முழங்காலும் நலமா என்று அறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. "காட்டுப் பிசினைக் காய்ச்சித் திரிகிற பெண்ணுக்கு, அப்பா விட்டுப்போன ஏரிக்கரைச் சவுனாக் குளியல் குடிசையில் என் பாதியைத் தரமாட்டேன்" என்று எழுதியிருந்தாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ இரண்டு பாஷையில் கோபப்படத் தெரிந்தவள், உன்னிடம் வாதாட எனக்கு வராது. ஆனால் அது காட்டுப் பிசின் இல்லை, ஹில்யா. பைன் மரத்து எண்ணெயும் பிர்ச் மரச் சாம்பலில் வடித்த காரத் தண்ணீரும் சேர்த்துப் பக்குவமாகக் காய்ச்சிய நீர்ச்சோப்பு. தேன் நிறம். மூடியைத் திறந்தால் மழை விட்ட காடு மணக்கும். தரைக்கும் அதுதான், தலைக்கும் அதுதான், ரோஜாச் செடியில் பூச்சி விழுந்தால் அதற்கும் அதுதான். ஜூலை பதினைந்துக்குள் நீ கையெழுத்துப் போட்டால்தான் ஹெய்னி சவுனாவில் சோப்புக் காய்ச்சக் கொப்பரை வைக்க முடியும். இல்லையென்றால் ஹெல்சிங்கி ஆய்வுக்கூட வேலைக்கே திரும்பிப் போகிறாளாம். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் தினம் அடுப்பங்கரைக்குப் போகிறேன். அதனால் இந்த மூன்று வாரத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், படித்துவிட்டு நீயே முடிவு சொல்.

முதலில் சவுனாவில் நடந்த கூத்து. சனிக்கிழமை, அடுப்பு நன்றாகச் சூடேறிக் கிடந்தது. ஹெய்னி ஒரு வாளி நிறைய சோப்புத் தண்ணீரை ஆறட்டும் என்று உள்ளே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். உன் அத்தானுக்கு எந்த வாளி ஆவி கிளப்புகிற கல்லுக்கு, எந்த வாளி உடம்புக்கு என்று ஐம்பது வருஷமாகத் தெரியும், அன்றைக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று அகப்பை மொண்டு சூட்டுக் கல்லில் ஊற்றிவிட்டார். பால் பொங்குகிற மாதிரி கல்லெல்லாம் நுரை, நுரை வழிந்து பலகை, பலகை வழிந்து இவர். கண்ணைத் திறக்க முடியாமல், குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் கிளைக் கற்றை ஒன்றுதான் மானம் என்று வெளியே ஓடி வந்தால், சரியாக அந்த நேரத்தில் படகு வலித்துக்கொண்டு வருகிறாள் சைமி. அவளேதான், ஹில்யா. உன் சிவப்பு நடன உடுப்பைக் கொடியிலிருந்து அடித்துக்கொண்டு போனவள் என்று நாற்பத்தாறு வருஷமாக நீ முகம் கொடுத்துப் பேசாத சைமி. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

"ஒன்னி அண்ணே! கிளையக் கொஞ்சம் கீழ எறக்கிப் புடிங்க, காலம் கெட்டுக் கெடக்குது!" என்று கத்தினாள்.

இவர் அசந்தாரா? "வாசம் நல்லா இருக்குல்ல சைமி?" என்று கேட்டார்.

ஆனால் பார், மறுநாள் விடிந்து போனால் கரி ஏறிக் கிடந்த பலகை புது மரம் மாதிரி வெளுத்திருந்தது. டிராக்டர் எண்ணெய் ஊறி நான் கல்யாணம் கட்டியதிலிருந்து கறுப்பாகவே இருந்த உன் அத்தான் கை, பாதிரியார் கை மாதிரி ஆகிவிட்டது. சைமி ஊர் பூராவும், "லெம்பி பேத்தி கெழவனையெல்லாம் பொங்க வைக்கிறாடி" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததில், கூட்டுறவுக் கடை மேலாளர் கைசு காதுக்கும் விஷயம் போயிற்று. அவள் ஹெய்னியிடம், "நடுக்கோடை விழா முடிஞ்ச மறுநாள் கம்பளத்துறைக்கு வரேன் கண்ணு. என் கண்ணு முன்னால ஒரு கம்பளத்த அலசிக் காட்டு. நல்லா வந்தா கடை அலமாரியில ஒரு தட்டு உனக்குத்தான்" என்றாள்.

அன்றைக்குத் துறையில் நல்ல கூட்டம். பழைய உடுப்புகளை நாடாவாகக் கிழித்து நெய்த எல்லோர் வீட்டுக் கந்தல் துணிக் கம்பளங்களும் மேசைமேல் விரித்துக் கிடக்கின்றன, பெண்கள் எல்லோரும் கையில் தூரிகையோடு எங்கள் மேசையையே பார்க்கிறார்கள். சைமி தன் தகரடப்பாச் சலவைப் பொடியோடும் ஒரு பழைய கம்பளத்தோடும் வந்து பக்கத்திலேயே நின்றாள். அதன் நடுவில் இருபது வருஷத்துக் காப்பிக் கறை, பெரிய ரொட்டி அளவுக்கு.

"இதப் போக்கிக் காட்டச் சொல்லு உன் பேத்திய. எம் பொடியே இதுகிட்டத் தோத்துப்போச்சு."

"ஊத்துடி கண்ணு" என்றேன் நான். 

ஹெய்னி ஊற்றினாள், தேய்த்தாள், கொஞ்சம் பொறுத்தாள், அலசினாள். காப்பி, ஹில்யா, காப்பி! பழுப்பாக ஓடிப் போயிற்று. அடியில் பார்த்தால் நல்ல வானநீலப் பட்டை. சைமி குனிந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, இது எங்கம்மா ஞாயித்துக்கெழம பாவாடைடீ!" என்று அந்த ஈரத்தையே கன்னத்தில் வைத்து அழுதாள். கறையை எடுக்கிறது, சாயத்தைத் தொடுவதில்லை, அதுதான் ஹெய்னி சோப்பின் சூட்சுமம். மேலாளர் கைசு, காலையிலிருந்து அதே சோப்பில் எங்கள் வீட்டுக் கம்பளங்களை அலசிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரம் அலசியிருக்கீங்க, கை செவக்கவே இல்லையே!" பொடியில் அலசிய சைமியின் கை வேகவைத்த நண்டு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து உன் அத்தான் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு காயப்போடப் போனவர், நுரையில் கால் வைத்துச் சறுக்கி, கம்பளத்தோடு ஏரிக்குள் போய்விட்டார். தொப்பி மட்டும் மிதந்தது. பிறகு தலை வந்தது. "கடைசி அலசலும் முடிஞ்சுதுங்க!" என்றார். கைசு சிரித்துக்கொண்டே ஹெய்னியிடம், "தட்டு உனக்குத்தாண்டி. ஆனா மாசாமாசம் சரக்கு வரணும், காய்ச்ச எடம் இருக்கா?" என்று கேட்டாள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் மேற்கே, உன் திசையைப் பார்த்தேன்.

அதனால்தான் நேற்றே உனக்கு ஒரு புட்டி பார்சலில் அனுப்பிவிட்டேன். அடுப்புக்குப் போடு, தரைக்குப் போடு, உன் முழங்காலை அதில் கழுவிப் பார். முக்கியமாக, உன் கல்யாணத்துக்கு நான் நெய்து கொடுத்த கம்பளம் உன் நடைவழியில் கிடக்கிறதே, பிறந்ததிலிருந்தே மண் நிறம் என்று நீ குறை சொல்வாயே, அதை நன்றாக ஊறவைத்துத் தேய். அது எப்படி வருகிறதோ அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. சோப்பின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. காகிதம் இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

கடவுள் உன் வீட்டுக் கூரையையும் உன் மூட்டையும் காக்கட்டும். ஒன்னி வணக்கம் சொல்லச் சொன்னார், இன்னும் தும்முகிறார். ஹெய்னியின் முத்தங்கள்.

உன் அக்கா,
லெம்பி

பின்குறிப்பு: கம்பளத்தை நனைக்காதே! உறையை ஒட்டப் போகும்போது உன் அத்தான் காப்பியைக் குடித்துக்கொண்டே, "ஏ லெம்பி, ஹில்யா கல்யாணக் கம்பளத்துக்கு நீ எதுல சாயம் போட்ட?" என்று கேட்டுத் தொலைத்தார். காப்பி மண்டியில், ஹில்யா. மூன்று நாள் ஊறப்போட்டேன். அடியில் என்ன நிறம் என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும். சைமி பாவம், அவள் எடுக்கவில்லை. நான்தான் ஒரே ஒரு நடனத்துக்கு என்று உன் சிவப்பு உடுப்பை உடுத்திக்கொண்டு போய், ஒன்னியோடு புதிதாய்த் தார் பூசிய படகில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு இந்தச் சோப்பு இருந்திருந்தால் தார் போயிருக்கும், நீயும் உடுத்தியிருப்பாய். முழுவதையும் கிழித்து உனக்கே நெய்து கொடுத்தேன், ஒரு நாடா கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடு, பிறகு கம்பளத்தை நனை, பிறகு என்னைத் திட்டு. பார்சல் முந்திக்கொண்டு வந்து நீ ஏற்கெனவே நனைத்திருந்தால், திட்டுவதற்கு நேரில் வா. சவுனாவைச் சூடாக்கி வைக்கிறேன், எந்த வாளி எதற்கு என்று எழுதி ஒட்டியாயிற்று.