மாடி ஏறிய பிரிவினைவாதி

அன்புள்ள மைத்துனருக்கு,

நான் நலம். நீங்களும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் அக்காவும் நலமே என்று மாடியில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்து அறிகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் அக்கா ஒரு பிரிவினைவாதி. காலமெல்லாம் வானொலியில் செய்தி வாசித்த எனக்கு இந்த வார்த்தை தண்ணீர் பட்ட பாடு. செய்தி ஆசிரியர் அடித்துத் திருத்திக் கொடுப்பார்: நம்மை விட்டுப் பிரிகிறவன் பிரிவினைவாதி, பக்கத்து நாட்டை விட்டுப் பிரிகிறவன் விடுதலை வீரன். ஒருமுறை மாற்றி வாசித்துத் தொலைத்ததில் என்னை வானிலை அறிக்கைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நம் மகள் புருஷனை விட்டு வந்தபோது விடுதலை என்றேன், உங்கள் அக்கா தலையணையும் பிரஷர் மாத்திரையுமாக மாடி ஏறியபோது பிரிவினைவாதி என்றேன். "மாப்பிள்ளையும் நம்ம பொண்ண அப்படித்தானங்க சொன்னாரு?"ன்னு படியில நின்னு ஒரு கேள்வி கேட்டா பாருங்க!

அப்படி என்ன செய்துவிட்டேன்? கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்று, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். நான், "ஷ், தலைப்புச் செய்தி" என்றேன். அவ்வளவுதான். இப்போது கீழே நானும் ரேடியோவும்தான். சர்க்கரை என்று நினைத்து உப்புப் போட்டுக் காப்பி குடித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சப்போ, "கேஸை மூடுங்க"ன்னு மேலேர்ந்து குரல் மட்டும் வந்துச்சு, ஆள் வரலை. சாப்பிட உட்கார்ந்தா ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறேன் மச்சான்.

ஆஸ்பத்திரிக்கு என்னோடு வரமாட்டாளாம், தம்பிதான் வரணுமாம். முதுகுப் பிடிப்பு, வெளியூர்ப் பயணம், எதையாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுங்கள். வேறு வழியில்லாமல் என்னிடம்தான் வருவாள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உங்கள் முகவரி எனக்குத் தெரியாததால் கேட்க மாடிக்குப் போனேன். "கண்ணு தெரியலை, என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க" என்றாள். செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தேன். "உங்கள் அக்கா ஒரு" வரைக்கும் வந்தேன், அதோடு நிறுத்திவிட்டேன். அவள் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை. "பயப்படுறவள்னு போடுங்க. அதான் சரியான வார்த்தை" என்றாள்.

முதுகுப் பிடிப்பெல்லாம் வேண்டாம். நீங்களே வந்து அழைத்துப் போங்கள். வண்டியில் எனக்கும் ஓர் இடம் உண்டா என்று மட்டும் அவளிடம் கேட்டு எழுதுங்கள்.