ஆறுகால் மிருகத்துக்கு நாங்கள் ஊதிய காதல் இசை

பர்பாங்க், கலிஃபோர்னியா
12 நவம்பர் 1966

பிரியமுள்ள தங்கை வெர்னாவுக்கு அண்ணன் லோர்ன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி இமோஜீனும் சுகம். டுலூத்தில் பனி ஆரம்பித்திருக்கும். மாப்பிள்ளை இந்த வருடமாவது கூரைமேல் ஏறாமல் இருக்கட்டும். நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. இந்த ஊர் வெயிலில் அவற்றை எப்போது போடுவது என்று தெரியவில்லை, ஆனாலும் சந்தோஷம்.

விஷயம் என்னவென்றால், புதன்கிழமை சாயங்காலம் டெலிவிஷனில் விண்வெளிக் கப்பல் தொடர் ஒன்று வருகிறதல்லவா, அதில் போன மாதம் முதல் ஆறுகால் மிருகம் ஒன்று பச்சைப் புகையிலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் ஓர் இசை வருகிறது. முதல் தடவை கேட்டதுமே என் கையிலிருந்த சூப் கிண்ணம் மடியில் கவிழ்ந்துவிட்டது. அது பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு காதல் படத்துக்காக நானும் நண்பன் டெல்மர் கோவாக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பித்தளைக் கொம்பு ஊதிய இசை! இமோஜீன் என் மடியைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, அந்தப் பொண்ணு துறைமுகத்துல நின்னு கப்பலுக்குக் கை ஆட்டுறப்போ வந்ததுதானே இது? இப்ப என்னடான்னா ஆளை முழுங்குதே!" என்றாள். முழுங்கட்டும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த இசையின் உச்சியில் கொம்பு பிசிறு தட்டுகிறது, வெர்னா! அந்தப் பிசிறு என்னுடையது. அன்று ஒலிப்பதிவு முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது தட்டியது. இசைக்குழுவை நடத்தியவர் டெல்மரை முறைத்தார். நான் கொம்பைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் பிறகு அரை வருடத்துக்கு அந்த ஸ்டூடியோவில் டெல்மரைக் கூப்பிடவில்லை. அவன் முகத்தில் விழிக்கக் கூசி, இரண்டு தெரு தள்ளி இருப்பவன் வீட்டுப் பக்கமே இத்தனை வருடமும் நான் போகவில்லை, அவனும் வரவில்லை. படம் வந்தபோது இமோஜீன் மட்டும் போய்விட்டு வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வாராவாரம் நாடே கேட்கிறது. போன வாரம் வியாழக்கிழமை பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டே அதே இசையை முணுமுணுத்தார், பிசிறோடு சேர்த்து! பல்லைவிட அதுதான் வலித்தது. மறுநாளே அந்தத் தொடரை எடுக்கும் ஸ்டூடியோவுக்குப் போனேன். வாசல் காவலாளி என் தாடியைப் பார்த்து, "கிரகத்துத் தலைவர் வேஷமா? மூணாவது கொட்டகை" என்று உள்ளே விட்டுவிட்டான். நடைபாதையில் அந்த மிருகமே தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தது; வழிவிடச் சொன்னதும் ஆறு கால்களையும் மரியாதையாக மடக்கிக்கொண்டது. கூரைவரை படச்சுருள் டப்பாக்கள் அடுக்கிய அறையில் மிஸ் பெட்டர்கில் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பழைய படங்களின் இசையை வெட்டி ஒட்டித் தொடருக்குப் பொருத்துவது அவள் வேலை. அந்தப் பிசிறை மட்டும் கத்தரித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஐயோ சார், அதுக்காகத்தானே இதைத் தேடி எடுத்தேன்!" என்றாள். "புது இசை எழுத ஆறு வாரம் ஆகும், எனக்குக் குடுக்கறது மூணு நாள். டப்பா டப்பாவா கேட்டுப் பாத்தேன். இது ஒண்ணுலதான் கொம்பு அழுவுது. அதைக் கேட்டப்புறம்தான் டைரக்டர் அந்த மிருகத்துக்குக் கண்ணே வச்சாரு. நீங்களா ஊதினீங்க? கையைக் குடுங்க சார்!"

டப்பாவின் மேல் எங்கள் படத்தின் பெயர் ஒட்டியிருந்தது. அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இனியும் பொறுக்க முடியாது என்று, மறுநாள் காலை இமோஜீன் செய்த எலுமிச்சைக் கேக்கை எடுத்துக்கொண்டு டெல்மர் வீட்டுக்கு நடந்தேன். புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் என்னைக் கண்ட அதிர்ச்சியில் குழாயோடு திரும்பினான். நானும் கேக்கும் நனைந்துவிட்டோம்.

"டெல்மர், அன்னிக்குப் பிசிறினது நான்தான்டா. உன்னை மாட்டிவிட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன். மன்னிச்சிரு."

"நீயா?" என்றான். குழாய் கையிலிருந்து விழுந்துவிட்டது. "டேய், அது நான்டா! உன்னோட முதல் பெரிய படத்தைக் கெடுத்துட்டேனேன்னு இத்தனை வருஷமா உன் தெருவுக்கே வராம சுத்திப் போயிட்டிருக்கேன்!"

ஒரே ஸ்வரத்தைச் சேர்ந்து ஊதினோமல்லவா, எவன் உதடு வழுக்கியது என்று எப்படித் தெரியும்? இருவரும் ஈரப் புல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம், கேக்கையும் தின்றோம். கையைக் கொடுங்கள் என்று மிஸ் பெட்டர்கில் கேட்டதைச் சொன்னதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ நிச்சயமா நான்தான்டா. உனக்கு அவ்வளவு உருக்கமா ஊத வராது" என்றான். வெர்னா, எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே! நாங்கள் பேசத் தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் மறுபடி சண்டை. ஆனால் போன புதன்கிழமை தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். மிருகம் வாயைத் திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "நான்!" என்று கத்தினோம். இமோஜீன் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கடவுள் உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் காக்கட்டும்.

உன் அண்ணன்,
லோர்ன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மிஸ் பெட்டர்கில் போன் செய்தாள். டப்பாவில் பெயர் மாறி ஒட்டியிருக்கிறதாம். உள்ளே இருந்தது வேறொரு ஸ்டூடியோவில் ஐந்து வருடம் கழித்து அதே மெட்டைத் திருப்பிப் போட்டுப் பதிவான ஏதோ போர்ப் படத்தின் இசை. அந்த வருடம் நான் கால் முறிந்து படுக்கையில். டெல்மரை அந்த ஸ்டூடியோ கூப்பிட்டதே இல்லை. எங்கள் நிஜச் சுருளையும் தேடிப் பிடித்துக் கேட்டாளாம். அதில் ஒரு பிசிறும் இல்லை (அதற்கு முன் ஊதியதைத்தான் வைத்திருக்கிறார்கள் போலும்), பால் மாதிரி இருக்கிறது, அதனால் தனக்கு உதவாது என்று வருத்தப்பட்டாள். டெல்மர் வருகிற புதன்கிழமைக்குத் தன் பிசிறைக் கேட்கத் தேவாலயப் பாடகர் குழு முழுவதையும் எங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறான். நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் உளறி வைக்காதே. இரவல் நாற்காலி வாங்கத்தான் இப்போது கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.