சாப்பிட்ட பிறகு ஒரு மூடி

ஸ்ரீரங்கத்தில் இன்றைக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். (மீதிப் பேர் எதிர்வரிசை டிரைவிங் ஸ்கூலில் கற்றவர்கள். அவர்களுக்கு முன்னால் போகவும் தெரியாது.) அப்பேர்ப்பட்ட மாஸ்டரான நான் ஆறு மாதம் லைசென்ஸ் இல்லாமல் இருந்தேன். காரணம், குடித்துவிட்டு ஓட்டினேன். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த நண்பன் விருந்து வைத்தான். ரெண்டு பீர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கிளம்பிய வண்டி எது தெரியுமா? ஸ்கூல் வண்டி. கூரைமேல் மஞ்சள் போர்டில் 'பொறுமையாகப் போவோம், முழுசாகச் சேருவோம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். (யோசித்து எழுதியவன் நானேதான்.) காவிரிப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் மடக்கி ஊதச் சொன்னார்கள். மிஷின் கத்தியது. கான்ஸ்டபிள் குனிந்து வண்டிக்குள் பார்த்தார். என் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து ஸீட்டுக்குக் கீழே இன்னொரு பிரேக்.

"ரெண்டு பிரேக் இருந்துமா மாஸ்டர் உங்களை நிறுத்த முடியல?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்ததால் இறங்கி நின்றேன்.

கோர்ட்டில் அபராதம் கட்டினேன். லைசென்ஸை முடக்கினார்கள். ஊருக்குக் கற்றுக்கொடுக்கிற ஆள் என்பதால், டாக்டர் என்னை முழுசாகப் பரிசோதித்து, குடிப்பழக்கம் இல்லை, வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று சர்ட்டிபிகேட் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் ஸ்கூலுக்குப் பூட்டு.

இதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் மாமனாரைத்தான் தாங்க முடியவில்லை. அவர் திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, டீ காபிகூடக் கிடையாது. விஷயம் தெரிந்த அன்றோடு என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும் பேச்சு என் மனைவி செல்வி வழியாகத்தான் வரும்.

"செல்வி, உன் வீட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளு."

"போதும்னு சொல்லு செல்வி" என்பேன் நானும், விட்டுக்கொடுக்காமல்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? எனக்கென்ன தலையெழுத்தா?" என்று செல்வி கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ரசம் ஆறிப்போகும்.

பரிசோதனைக்குத் தேதி குறித்ததும் மாமனார் தீர்ப்பும் வந்துவிட்டது. "செல்வி, சர்ட்டிபிகேட் கிடைக்கலன்னா உன் வீட்டுக்காரர ஸ்கூலை மூடிட்டு மண்டிக்கு வரச் சொல்லு. என் கண்ணு முன்னாடி உக்காந்து வாழைத்தார் எண்ணட்டும்." பொய்யான மிரட்டல் இல்லை. எனக்காக ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார் என்று செல்வி சொன்னாள். என்னிடம் படித்தவர்களெல்லாம் காய் வாங்க வந்து, "என்ன மாஸ்டர், இங்க?" என்று கேட்பார்கள்.

என்மேல் இரக்கப்பட்ட ஒரே ஜீவன் மாமியார். ரத்தத்தை எடுத்து ஈரலைப் பார்ப்பார்களாம் என்று கேள்விப்பட்டதும், மஞ்சள் காமாலைக்காரனுக்குச் செய்கிற அத்தனையையும் எனக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார். விடிந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஒரு சொம்பு. உப்பில்லாத சோறு. எண்ணெய் மூச்சே கூடாது.

"அத்தை, எனக்குக் காமாலை இல்லைங்க."

"இல்லாதப்பவே குடிச்சா இன்னும் நல்லது மாப்ள. கண்ண மூடிட்டு முழுங்குங்க."

பார்ட்டியில் குடித்ததை ஒவ்வொரு சொம்புக்கும் நினைத்து நினைத்து வருந்தினேன். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகாததற்குக் கோர்ட்டு பாதி காரணம் என்றால் அத்தையின் கீழாநெல்லி மீதிப் பாதி.

பரிசோதனை நாள் வந்தது. நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போவதில்லை. நகம் பெயர்ந்தாலும் நாலு பேர் கூடப் போக வேண்டும். நான், செல்வி, தூக்குவாளியோடு அத்தை. எனக்குத்தான் லைசென்ஸ் இல்லையே, அதனால் மாமனாரே தன் பழைய வெள்ளைக் காரை எடுத்தார்.

அவர் ஓட்டுகிற காரில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. திருவானைக்காவல் தாண்டுகிற வரைக்கும் செகண்ட் கியரைவிட்டு அவர் மாறவே இல்லை. எதிரே பஸ் வந்தால் பிரேக்குக்குப் பதிலாக ஹாரனை அழுத்தினார். பழக்கதோஷத்தில் என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது.

"செல்வி, உன் வீட்டுக்காரர் ஏன் கால உதைக்கிறாரு? நான் நிதானமாத்தான் ஓட்டுறேன்னு சொல்லு" என்றார் ரோட்டைப் பார்த்தபடி.

ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரைப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த காரிலேயே அத்தை தூக்குவாளியைத் திறந்தார். இட்லி, மிளகாய்ப்பொடி, எண்ணெய். பல நாள் கழித்து உப்பைப் பார்த்த சந்தோஷத்தில் எத்தனை இட்லி தின்றேன் என்று எனக்கே தெரியாது.

சாப்பிட்டு முடித்ததும் மாமனார் அத்தையின் கூடையிலிருந்து அரிஷ்டம் பாட்டிலை எடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது. கறுப்பாக, புளிப்பும் இனிப்பும் கலந்து இருக்கும். செரிமானத்துக்காக அவர் வருஷக்கணக்கில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி குடிப்பார். அத்தைதான் பாட்டில் மூடியில் அளந்து கொடுப்பார். அன்றைக்கும் கொடுத்தார். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்த மாமனார் என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

"செல்வி, உன் வீட்டுக்காரர் முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. இதுல ஒரு மூடி குடிக்கச் சொல்லு. தெம்பா இருக்கும்."

ஆறு மாதத்தில் அவர் எனக்கென்று நீட்டிய முதல் பொருள் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மிளகாய்ப்பொடியும் ஒரு காரணம்.) மூடியை இரண்டு கையாலும் வாங்கி, பிரசாதம் மாதிரி குடித்தேன். அதே வேகத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டரைப் பார்த்ததும் தெம்பெல்லாம் போய்விட்டது. என்னிடம் கார் கற்றுக்கொண்ட பெண். திருவானைக்காவல் முக்கில் வண்டி நின்றுபோனபோது, நாலு பக்கமும் பஸ் ஹாரன் அடிக்க, "கிளட்ச் எங்க இருக்கு, உங்க காலு எங்க போகுது? கையில இருக்கறது ஸ்டியரிங்கா, முறமா?" என்று நான் கத்திய அதே பெண். அன்றைக்கு அவர் அழுதுவிட்டார்.

"வாங்க மாஸ்டர், உக்காருங்க. ஸீட்டை அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் சிரிக்காமல்.

கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பதற்றத்தில் என் விரல் நேராகப் புருவத்தில் போய் நின்றது.

"மூக்கு எங்க இருக்கு, உங்க கை எங்க போகுது மாஸ்டர்?"

தரையில் கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். அதை ஒழுங்காக நடந்தேன். கோடு முடிந்த இடத்தில், சத்தியமாக என்னை அறியாமல், வலது கையை நீட்டி சிக்னல் காட்டித் திரும்பினேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைசியாக மிஷினை நீட்டினார். "பதட்டப்படாதீங்க. கிளட்ச விடுற மாதிரி மெதுவா மூச்ச விடுங்க."

விட்டேன். மிஷின் கத்தியது.

டாக்டர் மிஷினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாஸ்டர், பத்து மணிகூட ஆகல" என்றார் ரொம்ப வருத்தமாக.

பூட்டின ஸ்கூலும் மண்டி ஸ்டூலும்தான் கண்ணில் தெரிந்தன. கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மொத்தக் குடும்பமும் உள்ளே வந்துவிட்டது. செல்வி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனால் மாமனார் செய்ததுதான் நான் கனவிலும் எதிர்பார்க்காதது. நேராக டாக்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"உங்க மிஷின் ரிப்பேருங்க. காலையிலேருந்து இவரு என் கண்ணு முன்னாடிதான் இருக்காரு. நான் சாட்சி. சந்தேகமா இருந்தா இங்க குடுங்க, நான் ஊதுறேன். இந்த நாக்குல ஒரு சொட்டு பட்டதில்ல."

"ஐயா, உங்களுக்கு எதுக்கு..."

"குடுங்கம்மா."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஊதினார். மிஷின் என்னைவிட அவருக்கு நீளமாகக் கத்தியது.

"என்னங்க இது?" என்றார் அத்தை, சின்னக் குரலில்.

டாக்டர் கெட்டிக்காரர். "ரெண்டு பேரும் இப்ப என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அத்தை கூடையிலிருந்து அரிஷ்டம் பாட்டிலை எடுத்து வைத்தார். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊறி ஊறித்தான் அது மருந்தாகிறதாம், ஊறுவதில் தானாகவே ஆல்கஹால் உண்டாகிறதாம், பாட்டிலிலேயே போட்டிருக்கிறதாம். ஊருக்கெல்லாம் ரோட்டோர போர்டுகளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த நான் அந்த லேபிளை ஒருநாளும் படித்ததில்லை.

"இப்பதான் குடிச்சிருக்கீங்க, வாயில நிக்குது. நல்லா கொப்பளிச்சிட்டு அரை மணி நேரம் உக்காருங்க. மறுபடி பாக்கலாம்."

உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரத்தில் ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் இருக்கிற எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டேன். மறுபடி ஊதினேன். மிஷின் வாயைத் திறக்கவில்லை. பூஜ்யம். செல்வி அங்கேயே அழுதுவிட்டாள்.

கதை இங்கே முடிந்திருக்கும். மாமனாருக்குத்தான் மானப் பிரச்சினை. "எனக்கும் குடுங்க. நானும் சுத்தம்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்று பிடுங்கி ஊதினார். மிஷின் கத்தியது.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "ஒரு மூடிக்கு இவ்வளவு நேரம் கழிச்சுக் காட்டக்கூடாதே ஐயா. எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒரு மூடிதான் டாக்டர், நான் என் கையால அளந்து குடுத்தேன்" என்றார் அத்தை.

மாமனார் ஜன்னலைப் பார்த்தார். "வீட்டுல நீ குடுக்கறது ஒரு மூடி" என்றார்.

"வீட்டுலன்னா?"

"மண்டியில ஒரு பாட்டில் இருக்கு. காலையில போனதும் பசியெடுக்கறதுக்கு ஒரு டம்ளர். இன்னிக்கும் விடியக்காலையில மண்டியத் தொறந்து வச்சிட்டுத்தானே வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "கார்லயும் ஒண்ணு இருக்கு. ஏப்பம் வராத அன்னிக்கு. இன்னிக்கு வரல" என்றார்.

"தினமுமா?"

"மருந்துதானே."

அத்தை கையிலிருந்த தூக்குவாளியை மெதுவாகக் கீழே வைத்தார். டாக்டர் எங்கள் நாலு பேரையும் ஒரு தடவை பார்த்தார். "ஆமா, இப்ப காரை ஓட்டிட்டு வந்தது யாரு?" என்றார்.

கார் சாவி மாமனார் விரலில்தான் மாட்டியிருந்தது. அத்தை எழுந்து போய் அதைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

காரை வேப்பமரத்தடியிலேயே விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினோம். பெண்கள் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கடைசி ஸீட்டில் நானும் மாமனாரும், நடுவில் தூக்குவாளியும். ஆறு மாதமாக அவர் தலை கவிழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுண்டு. இப்போது கவிழ்ந்திருந்தது, எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. காவிரிப் பாலம் வந்ததும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, உங்கள அன்னிக்கு மடக்கினது இங்கதானே?"

செல்வி பக்கத்தில் இல்லை. என்னிடம்தான் பேசுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆமாங்க மாமா."

"மிஷின் கத்துனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"இன்னிக்கு உங்களுக்கு இருந்த மாதிரிதாங்க."

"ம்" என்றார். பாலம் முடிகிற வரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு தூக்குவாளியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார். எனக்கு மறுபடி கண் கலங்கியது. அப்போது மிளகாய்ப்பொடி எதுவும் இல்லை.

ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. (கீழாநெல்லியால்தான் என்று அத்தை இன்றுவரை சொல்கிறார்.) சர்ட்டிபிகேட் கிடைத்தது, லைசென்ஸ் வந்தது, ஸ்கூலைத் திறந்தேன். மண்டி ஸ்டூலில் இப்போது பூனை படுத்திருக்கிறது. மாமனாருக்குச் செரிமானத்துக்கு ஓமத் தண்ணீர்தான். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், பந்தி முடிந்ததும் யாராவது ஒருத்தர் "மாமாவுக்கு ஒரு மூடி?" என்று ஆரம்பிப்பார்கள். அவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

இதில் மாறாமல் இருப்பது ஒன்றுதான், நடுவில் ஆள் வைத்துப் பேசுவது. அத்தை அவரிடம் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர், கார் விஷயத்தில் இன்னும் நேராகப் பேசுவதில்லை. என்னை விட்டே ஒரு ஊதுகிற மிஷின் வாங்க வைத்து, சாவியோடு சேர்த்து வைத்திருக்கிறார். மாமனார் செருப்பை மாட்டினால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்.

"மாப்ள, உங்க மாமாவ ஊதச் சொல்லுங்க."

"மாமா, அத்தை ஊதச் சொல்றாங்க" என்பேன்.

அவர் என்னைத்தான் முறைப்பார். "உங்க அத்தைகிட்ட சொல்லுங்க, மொதல்ல மாஸ்டர் ஊதிக் காட்டணும்."

காட்டுகிறேன், தினமும்.